அந்த வளவில் நீ குடியிருக்க வேண்டாம்

மகள்,

போன புதன்கிழமை, கல்லடியில் வீடு கிடைத்துவிட்டது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோது அழைப்பு நடுவில் நின்றுபோனது. சிக்னல் இல்லையாக்கும் என்று பிறகு வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். சிக்னல் இருந்தது. நான்தான் வைத்தேன். நீ கடற்கரைப் பக்கம் போகிற அந்த ஒழுங்கையைச் சொன்னாய். வீட்டுக்காரி பாலர் பாடசாலை ரீச்சர், பெயர் வசந்தி, கலியாணம் முடிக்கவில்லை என்றாய். பக்கவாதம் வந்த தகப்பனை உன்னுடைய கிளினிக்குக்குக் கூட்டி வருகிறவ என்றும், அவர் முந்திக் கணக்கு மாஸ்டராக இருந்தவராம் என்றும் சொன்னாய். உன் ஊர் சித்தாண்டி என்று தெரிந்ததும் அவள் உன் அப்பாவின் பெயரைக் கேட்டாளாம். நீ சொன்னதும், முன்பக்க அறை இரண்டையும் உனக்கே தருகிறேன் என்றாளாம். அதற்குமேல் என்னால் போனைக் காதில் வைத்திருக்க முடியவில்லை. நேரில் சொன்னால் நீ இடையில் கேள்வி கேட்பாய், நான் வழக்கம்போல ஒரு பொய்யைச் சொல்லித் தப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். நீ பிசியோ படித்துக்கொண்டிருந்த காலத்தில் விடுமுறைக்கு வந்தால் என் வலது கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பயிற்சி செய்து பார்ப்பாய். மோதிர விரலும் சின்ன விரலும் நிமிராது, உள்ளங்கைப் பக்கமாக மடங்கியே கிடக்கும். எப்படி வந்தது என்று கேட்டாய். லொறிக் கதவில் நசிந்தது என்றேன். கதவில் நசிந்தால் இப்படி வராதே என்று நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். நீ நினைத்ததுதான் சரி. அந்தக் கதையைச் சொல்லாமல், நகரத்தில் எந்தப் பக்கம் வீடு எடுக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இருபத்துநான்கு வயதில் எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் படவரைஞர் வேலை. மற்றவர்கள் அளந்து கொண்டுவருகிற காணிகளைத் தாளில் கோடு போட்டுப் படமாக்கிக் கொடுக்க வேண்டும். இன்றைக்குச் சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் நகரத்தில் நிற்கலாம். அன்றைக்குச் சண்டைக் காலம், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, நடந்து, மறுபடி ஏற வேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும். அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லடியில் அறை தேடினேன். இரண்டு இடம் பார்த்தேன். முதலாவது வாவிக்கரையோரம் பூமணி அக்காவின் வீடு. புருஷன் தோணியில் போய் இறால் பிடிப்பார். அக்கா அதை முற்றத்தில் பாயில் பரப்பிக் காயவைத்து விற்பா. கிடுகு வேலியில் இரண்டு இடத்தில் ஆள் புகுந்து போக வழி விட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வாசல் சுற்றி வராமல் அதற்குள்ளாலேயே வந்து போனார்கள். நான் நின்ற பத்து நிமிடத்துக்குள் நாலு பேர் வந்து, ஊர் எது, தகப்பன் ஆர், எந்தக் கந்தோரில் வேலை, கலியாணம் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போகிறவன் இறால் மணத்தோடு போகலாமா என்றும் நினைத்தேன்.

இரண்டாவது, கடற்கரைப் பக்கம் மாஸ்டரின் வீடு. அவருடைய பெயரை நான் முப்பது வருடமாகச் சொன்னதில்லை, இதிலும் எழுத மாட்டேன். மரியாதையைக் குறைத்து எழுதத்தான் கை வருகிறது. உன் அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் 'அவர்' என்று எழுதுகிறேன். உயரமான வெள்ளை மதில், இரும்புக் கேற், பின்பக்கம் தனி வாசலோடு ஓர் அறை, கிழக்கு மூலையில் நல்ல தண்ணீர்க் கிணறு. ஒழுங்கையில் ஒரு சத்தம் இல்லை. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. படித்த மனிதர்கள் இருக்கிற இடம் இப்படித்தான் இருக்கும் என்று பெருமைப்பட்டேன். அந்த நாளில் வெளியூர் ஆளை வீட்டில் வைத்திருந்தால் பொலிசில் பதிய வேண்டும். மாஸ்டர் என் அடையாள அட்டைப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, "அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன் தம்பி, நீங்க வேலைக்குப் போங்க" என்றார். நான் நம்பினேன். ஏழு மாதம் அங்கே இருந்தேன். அவருடைய மனைவி சமைத்த சோற்றை அவரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டேன். மகள் வசந்திக்கு அப்போது பத்து வயது இருக்கும், என்னை அண்ணா என்று கூப்பிடுவாள்.

ஒரு சனிக்கிழமை விடியும்போது ஆமிக்காரர்கள் கல்லடியைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்கள் எல்லோரும் மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வெளியூர் ஆட்களைத் தனியாக இருத்தினார்கள். வீட்டுக்காரர் முன்னால் வந்து, இவர் என்னுடைய வீட்டில் இருக்கிறவர் என்று சொல்லிப் பதிவுத் துண்டைக் காட்டினால் விடுவார்கள். எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. மாஸ்டர் ஏழெட்டு அடி தூரத்தில் நின்றார். என்னை எழுப்பி நிறுத்தி, மொழிபெயர்க்கிறவன் அவரிடம் இவர் உங்கள் வீட்டு ஆளா என்று கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தின் நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இல்ல. இந்த ஆள எனக்குத் தெரியாது" என்றார். அவசரப்படாமல், வகுப்பில் விடை சொல்வதுபோலச் சொன்னார். அவர் என்னைப் பதியவே இல்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. பதியாமல் ஆள் வைத்திருந்தது வெளியே வந்தால் அவருக்கு விசாரணை வரும், உத்தியோகத்துக்குப் பிரச்சினை வரும். ஒரு துண்டுக் கடதாசியை நிரப்பப் பஞ்சிப்பட்டுச் சோம்பியிருந்த மனிதர், அதை மறைக்க என்னைக் கொடுத்தார்.

அந்த மைதானத்தில் எனக்காக ஒரு குரல் எழும்பியது. பூமணி அக்கா. நான் அறை பார்க்க ஒரே ஒரு தரம் போய், இறால் மணம் பிடிக்காமல் திரும்பி வந்த வீட்டின் சொந்தக்காரி. மைதானத்து வேலிக்கு வெளியே பெண்களோடு நின்றவ, தலையில் இருந்த இறால் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, "அது சித்தாண்டிப் பொடியன், எனக்குத் தெரியும். கந்தோரில வேல செய்யுது. தகப்பன் வேளாண்மை செய்யிற ஆள்" என்று பலத்துச் சொன்னா. என் தகப்பன் என்ன செய்கிறார் என்று அன்றைக்கு முற்றத்தில் கேட்டு வைத்தது அவவுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. துவக்கின் பின்பக்கத்தால் தள்ளி விட்டார்கள். மறுபடி வந்தா, மறுபடி தள்ளினார்கள். என்னை வண்டியில் ஏற்றியதும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாளே பஸ் ஏறிச் சித்தாண்டிக்குப் போய், முருகன் கோயிலடியில் விசாரித்து, என் அம்மாவைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னா. எங்கே தேட வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று அம்மாவோடு நாலு இடத்துக்கு நடந்ததும் அவதான்.

பதினொரு மாதம். அதற்குள் நடந்ததை உனக்கு எழுத மாட்டேன். உன் தொழிலில் நீ எத்தனையோ கையைப் பார்க்கிறாய், என் கையையும் பார்த்திருக்கிறாய், மீதியை நீயே ஊகித்துக்கொள்ளலாம். வெளியே வந்தபோது அந்தக் கையால் பேனையைப் பிடித்து நேர் கோடு போட முடியவில்லை. படவரைஞன் வேலை அதோடு போயிற்று. என்னுடைய உடுப்பையும் புத்தகங்களையும் எடுத்துக்கொள்ள மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கேற்றைப் பாதி திறந்து, ஓர் உரப் பையில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டி வைத்திருந்ததைத் தந்தா. அவவுடைய கை நடுங்கியது. மாஸ்டர் எங்கே என்று கேட்டேன். உள்ளேயிருந்து அவருடைய குரல்தான் வந்தது. "நான் இல்லயெண்டு சொல்லு." மகள், பதினொரு மாதத்தில் எனக்கு வராத கண்ணீர் அந்தக் கேற்றடியில் வந்தது. அன்றைக்குச் சத்தியம் செய்தேன். இந்த மனிதருக்கு என்னிடம் ஒரு தேவை வர வேண்டும், அது வரும்வரை நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று.

படம் வரைய முடியாதவனை அளக்கிற பக்கம் சேர்த்துக்கொண்டார் ஒரு நல்ல மனிதர். அவருக்குப் பின்னால் காடும் வயலும் அலைந்து தொழில் பழகி, பரீட்சை எழுதி, நானும் நில அளவையாளரானேன். உன் அம்மாவைக் கலியாணம் முடித்தேன், நீ பிறந்தாய். எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். உண்மையில் நான் காத்துக்கொண்டிருந்தேன். பாலத்தால் போகிற ஒவ்வொரு தரமும் பஸ்ஸின் கிழக்குப் பக்க இருக்கையில் இருந்து அந்த ஒழுங்கை வாயைப் பார்ப்பேன். மதில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்கும். எனக்கு நெஞ்சு எரியும்.

பிறகு ஒரு மார்கழியில் கடல் வந்தது. அப்போது உனக்கு ஐந்து வயது, உனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் மதிலுமில்லை, வேலியுமில்லை, எல்லைக் கல்லுமில்லை. எங்கும் மணல்தான். எவருடைய காணி எங்கே முடிகிறதென்று எவருக்கும் தெரியவில்லை. காணி உறுதியும் படமும் தண்ணீரோடு போய்விட்டன. நான் மாதக் கணக்கில் அங்கேயே நின்று, எஞ்சியிருந்த அத்திவாரங்களையும் மரக் குற்றிகளையும் பிடித்து எல்லைகளைத் திரும்ப நட்டுக் கொடுத்தேன். ஏழை, பணக்காரன் பார்க்காமல் செய்தேன். ஒரு நாள் பின்னேரம், மணலில் கால் புதையப் புதைய மாஸ்டர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் வசந்தி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். பெரிய பெண்ணாகியிருந்தாள். அவருடைய வீட்டின் பாதி நின்றது. ஆனால் கிணறு இருந்த கிழக்குத் துண்டைப் பக்கத்து வளவுக்காரர் தன்னுடையது என்கிறாராம். கிணறு மணலால் மூடிவிட்டது, ஆதாரம் ஒன்றுமில்லை. விஷயம், வழக்கைப் பேசித் தீர்க்கிற இணக்க சபைக்குப் போயிருந்தது. அந்த வளவில் குடியிருந்தவன், அதிலும் நில அளவையாளன், நான் ஒரு வார்த்தை சொன்னால் சபை ஏற்றுக்கொள்ளும். "தம்பி, கிணறு எங்க இருந்தெண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். அவர் என்னைத் தம்பி என்றதைக் கேட்டுக்கொண்டே நான் அளவு நாடாவைச் சுற்றி முடித்தேன். ஆறுதலாக, அவசரப்படாமல் சுற்றினேன். பிறகு அவருடைய கண்ணைப் பார்த்து, "எனக்குத் தெரியாது மாஸ்டர்" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கியது. முகம் அப்படியே வெளுத்தது. வசந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தில் எத்தனை பேர் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்கு மட்டும் பெருநாள் போல இருந்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்ததை இன்றைக்கும் மறைக்கப்போவதில்லை. அந்தத் துண்டு பக்கத்து வளவுக்காரருக்குப் போயிற்று. இப்போது அதில் மூன்று மாடி விடுதி நிற்கிறது. இனி எவர் வந்து என்ன சொன்னாலும் அது திரும்ப வராது.

அது வசந்திக்கென்று வைத்திருந்த துண்டு என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் நடக்காது, உனக்குத் தெரியும். கிணற்றடியில் அவளுக்கு வீடு கட்ட இருந்தார்களாம். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை இடம், வீடு இல்லை என்றதும் விலகிப் போயிற்றாம். கேள்விப்பட்டபோது என்ன நினைத்தேன் தெரியுமா? அவருக்கு இன்னும் வலிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அண்ணா என்று கூப்பிட்ட பிள்ளையை நான் அந்தக் கணக்கில் எடுக்கவே இல்லை. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ அழைத்த புதன்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு யோசனை ஓடியது. போகட்டும், என் மகள் அந்த வீட்டுக்கே போகட்டும் என்று நினைத்தேன். அவர் எழும்ப வேண்டுமென்றால் என் பிள்ளை தூக்கிவிட வேண்டும், அவர் நடக்க வேண்டுமென்றால் என் பிள்ளையின் தோளைப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் யாருடைய பிள்ளை என்று தெரிந்துகொண்டே பிடிக்க வேண்டும். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. உன் அம்மாவிடமும் சொன்னேன். அவ அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை வைத்துவிட்டு, "புள்ளய அனுப்பியா உங்கட பழியத் தீக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டா. சனிக்கிழமை காலை உனக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். செங்கலடிச் சந்தியில் உன்னோடு படித்த பிள்ளை ஒன்று ஏறி, எங்கே போறீங்க மாமா என்று கேட்டது. மகளுக்கு வீடு பார்க்க என்றேன்.

கேற்றைத் திறந்தது வசந்தி. நீங்கள் வருவீர்கள் என்று தெரியும் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டாள். மாஸ்டரை விறாந்தையில் கதிரையில் இருத்தி, நெஞ்சைச் சுற்றித் துணியால் கட்டி வைத்திருந்தது. வலது கை மடியில் சுருண்டு கிடந்தது. ஐந்து விரலும் மடங்கியிருந்தன. நான் என்னுடைய கையைப் பார்த்தேன், அவருடையதைப் பார்த்தேன். என் மனம் குளிர்ந்தது, மகள். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த மனிதருக்கு முன்னால் நின்று நான் அனுபவித்தது அது ஒன்றுதான். அதையும் அவர் நீடிக்க விடவில்லை. என்னைக் கண்டதும் வாய் கோணி, தோள் குலுங்கி அழத் தொடங்கினார். பக்கவாதக்காரர் காரணமில்லாமல் அழுவார்கள், அது நோயின் குணம், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று நீதான் ஒரு முறை சொன்னாய். அதனால் அவர் எனக்காக அழுதாரா, நோய்க்காக அழுதாரா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதுமில்லை. அந்த ஒன்றைக்கூட எனக்குத் தராமலே போகப்போகிறார்.

வசந்தி தேநீர் கொண்டு வந்து வைத்தாள். நான் தொடவில்லை. அது ஆறி ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா மைதானத்தில சொன்னது எனக்குத் தெரியும். அம்மா சாகமுதல் சொன்னவ. நீங்க கடற்கரையில சொன்னதும் தெரியும், நான் பக்கத்தில நிண்டனான். நீங்க இந்த வளவப் படம் கீறிப் பழகின நேரம் நாடாட மத்தத் தலைப்பக் கிணத்துக் கட்டில பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்? நான்தானே. உங்களுக்குத் தெரியாதெண்டு சொன்னத எனக்கு முன்னால சொன்னீங்க. அவர் உங்களுக்குச் செய்தார், நீங்க அவருக்குச் செய்தீங்க. நான் உங்களுக்கு என்ன செய்தன் அண்ணா?"

பிறகு ஏன் என் மகளுக்கு வீடு தருகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"அப்பாவத் தொட்டுத் தூக்கிற எல்லாரும் மூஞ்சிய மறுபக்கம் திருப்புவாங்க. அந்தப் புள்ள திருப்பல்ல. அதுக்காகக் கேட்டன். உங்களுக்காக இல்ல."

நான் எழுந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொண்டைவரைக்கும் வந்தது. கதிரையில் அவர் இருந்தார். அவர் காதில் விழ அந்தச் சொல்லைச் சொல்ல என்னால் முடியவில்லை. கேற்றுக்கு வெளியே வந்த பிறகுதான் சொன்னேன். அவள் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

அங்கிருந்து நேராக வாவிக்கரைக்கு நடந்தேன். பூமணி அக்காவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. புருஷன் போய்விட்டார். கிடுகு வேலி தகர வேலியாகியிருக்கிறது. ஆனால் புகுந்து போகிற வழி இரண்டும் அப்படியே இருக்கின்றன. என் மற்றப் பிழையை இங்கேதான் சொல்ல வேண்டும். என்னைத் தெரியாது என்று சொன்ன மனிதரை ஒரு நாளும் தவறாமல் நினைத்தேன். என்னைத் தெரியும் என்று சொன்ன மனுசியை இந்த முப்பது வருடத்தில் நாலு தரம் போய்ப் பார்த்திருப்பேனோ என்னவோ. மாஸ்டர் வீட்டுக்குப் போய் வந்ததை அக்காவிடம் சொன்னேன். அவ இறாலைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "அந்தாளுக்கு நாள்தோறும் பூச வச்சிரிக்காய் தம்பி. என்னப் பாக்கப் பொங்கலுக்குத்தான் வருவாய்" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. நான் அந்த முற்றத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே இருந்தேன்.

மகள், இனி வீட்டு விஷயம். உனக்கென்று ஓர் இடம் வேண்டும், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வேண்டும் என்று நீ கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். ரைல்ஸ், இன்ரநெற், தனிக் குளியலறை, மோட்டார் சைக்கிள் விட இடம். எல்லாம் தேவைதான். அதில் நீ எழுதாததை நான் சொல்கிறேன். ஒரு தெருவுக்கு வீடு பார்க்கப் போனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போ, ஆட்கள் வீட்டில் இருக்கிற நேரம். உன்னை யாராவது யார், எவர் என்று கேட்கிறார்களா என்று பார். கேட்டால் எரிச்சல் வரும். வரட்டும். வீட்டுக்காரர் உனக்கு முந்தி இருந்த ஆளைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேள், நாளைக்கு உன்னைப் பற்றியும் அதைத்தான் சொல்வார். மாரியில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதே, எதிர் வீட்டில் கேள். குடிபோன அன்றே கிராம சேவகரிடம் நீயே நேரில் போய் உன் பெயரைப் பதிந்துகொள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எவ்வளவு நல்ல மனிதர் சொன்னாலும் சரி, துண்டு உன்னுடைய கையில் இருக்க வேண்டும். காலம் மாறிவிட்டது அப்பா என்பாய். மாறியிருக்கிறது. எனக்கு அது மாறின மாதிரி இல்லை.

வசந்தியின் வீட்டை எடுக்க வேண்டாம். அவள் கெட்டவள் என்று சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தவரை அந்த ஒழுங்கையில் அவளை விட நல்லவள் இல்லை. காரணம் நான்தான். நீ அங்கே இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அவரைப் பற்றிக் கேட்பேன். இன்றைக்கு எழும்பினாரா, விழுந்தாரா, எவ்வளவு வலிக்கிறதாம் என்று கேட்பேன். நீ சொல்வாய், நான் கேட்டுச் சந்தோஷப்படுவேன். உன்னை நான் அதற்கு வளர்க்கவில்லை. பூமணி அக்காவின் மகள் கட்டாருக்குப் போன பிறகு முன் அறை இரண்டும் சும்மா கிடக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் பாலத்தால் கால் மணித்தியாலம். நான் அக்காவிடம் உனக்காக ஒன்றும் முடிவு செய்து வரவில்லை. நீயே போய்ப் பார், நீயே பேசு. இறால் மணம் இருக்கத்தான் செய்யும். உனக்கு அதுவும் பிடிக்கவில்லை என்றால் வேறு தெரு தேடுவோம், நானும் வருகிறேன்.

கிளினிக்கில் அவரை நீ பார்க்கத்தான் வேண்டும், அது உன் வேலை. ஒரு குறையும் வைக்காமல் பார். உன் கை நடுங்கக் கூடாது, அவருடைய மனைவியின் கை நடுங்கியதுபோல. என்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் பேசாதே, அவர் பேச முயன்றாலும் பொருள் விளங்கவில்லை என்று விட்டுவிடு. நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று உனக்கு எழுதினால் அது இன்னொரு லொறிக் கதவுப் பொய்யாகப் போய்விடும். வயதாகினால் மனம் இளகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இறுகிக்கொண்டுதான் போகிறது.

வசந்தியின் விஷயம் வேறு. நீ அவளிடம் போய், வீடு வேண்டாம் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல். காரணம் கேட்டால் அப்பா சொன்னார் என்றே சொல், அவளுக்கு விளங்கும். சொல்லிவிட்டு உடனே வந்துவிடாதே, இருந்து அவள் தருகிற தேநீரைக் குடித்துவிட்டு வா. நேரம் கிடைக்கும்போதெல்லாம் போ. தகப்பனைத் தூக்கி இருத்த ஒருவரும் இல்லாமல் தனியாக மாய்கிறாள்.

அவர் அதிக காலம் இருக்க மாட்டார் என்று உனக்கும் தெரியும். ஒரு நாள் செய்தி வரும். அன்றைக்கு நான் சித்தாண்டியை விட்டு அசைய மாட்டேன், நீயும் என்னைக் கூப்பிடாதே. நீ போ. அந்த ஒழுங்கையில் மதிலுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பூமணி அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், அவரைக் கொண்டுபோய் முடிக்கும்வரைக்கும் வசந்தியின் பக்கத்தில் இரு. யாராவது நீ ஆர் என்று கேட்டால், என் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் என்று சொல்.

அப்பா